கடைசியில் மனைவியைக் கேட்டார்கள்

தெருவில் எல்லோரும் அவரைக் கமாண்டோ என்றுதான் கூப்பிடுவார்கள். சிறப்புப் படையை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும் பெயர் ஒட்டிக்கொண்டது, ஆளும் மாறவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகினால்கூட எல்லையில் எதிரி நுழைந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது விண்வெளிக்குப் போகவேண்டும். ஆயிரக்கணக்கில் மனுப் போட்டவர்களில் எட்டுப் பேர் மிச்சம், அதில் நாலு பேர் போவார்கள். இந்த ரெண்டு வருஷமாக அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாதவர்களோடு நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருகிறவளுக்கு ராக்கெட் ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. ஆனால் இந்த மனுஷன் தோற்றுவிட்டால் மிச்ச ஆயுசுக்கும் சுவரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அந்தக் கண்றாவியையும் தான்தான் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவர் தேறவேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

கடைசிக் கட்டமாக வீட்டாரைத் தனியே கூப்பிட்டுப் பேசுவோம் என்று தகவல் வந்ததும், கமாண்டோ அவளுக்கே பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வளவளன்னு இழுக்காத."

"கல்யாணம் ஆனதுலேருந்து உங்க பங்குப் பேச்சையும் சேத்து நான்தானே பேசிட்டிருக்கேன்?"

"அதை அங்க பேசாதன்னுதான் சொல்றேன்."

பேட்டிக்குப் போன அன்று அறையில் ரெண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி மனநல டாக்டர், சின்ன வயசு. இன்னொருவர் நரைமீசைக்காரர். கமாண்டோ இருந்த அதே படைக்கு ஒரு காலத்தில் ஆள் பொறுக்கியவராம், இப்போது இங்கே பொறுக்குகிறார். பிள்ளைகள் படிப்பு, மாமியார் உடல்நிலை, சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது என்று கேட்டுக்கொண்டே வந்த டாக்டர், "அவருக்கு உடம்பு முடியலன்னா உங்களுக்கு எப்படித் தெரியவரும்?" என்றாள்.

மனைவிக்குச் சட்டென்று பொறி தட்டியது. கல்யாணமான புதிதில் ஒருநாள், வேறு யாருக்கும் தெரியாது என்று சொல்லி அவர் அவளுக்கு மட்டும் சொன்ன கதை ஒன்று இருந்தது. அந்த மனுஷன் வாயைத் திறந்து தன்னைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான். இத்தனை வருஷம் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இப்போது உதவாமல் பிறகு எப்போது உதவப்போகிறது?

"அவர் சொன்னாதானே தெரியும்! படைத் தேர்வுல கால் எலும்பு உடைஞ்சுபோச்சு மேடம். மூட்டையைத் தூக்கிக்கிட்டு அந்தக் காலோடயே மலை ஏறி இறங்கிட்டாரு. கூட வந்தவங்களுக்குக்கூடத் தெரியாது. வேலைக்கு எடுத்தப்புறம், படிக்கட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லி மாவுக்கட்டு போட்டுக்கிட்டாரு."

சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். நரைமீசைக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பல்லாம் சொல்லிடுவாரு," என்று அவசரமாகச் சேர்த்தாள். அவள் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

நரைமீசைக்காரர் லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார். "நீங்க தப்பா எதுவும் சொல்லலம்மா."

"அப்புறம் ஏன் சார் அந்த டாக்டர் மூஞ்சி அப்படிப் போச்சு?"

"படைக்கு ஆள் எடுக்கிறப்போ தூங்கவிட மாட்டோம், பட்டினி போடுவோம். கடைசி வரைக்கும் நிக்கிறவன்தான் ஆளுன்னு நம்பினோம். இங்கயும் அதையே கொண்டுவந்தோம். ஆனா நிஜமாவே தாக்குப்பிடிக்கிறவனும் கடைசி வரைக்கும் நிக்கிறான், முடியலங்கிறதை மறைக்கிறவனும் நிக்கிறான். எங்க பரீட்சை ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு போட்டுடுது."

"மறைச்சா என்ன சார்? தாங்கிட்டாருல்ல?"

"தரையில அது அவரோட போச்சு. மேல ஒரு டப்பாக்குள்ள நாலு பேர். ஒருத்தர் தலை சுத்துறதை மறைச்சா நாலு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். அதனாலதான் வீட்டுல கேக்கிறோம்." லிஃப்ட் பட்டனை அழுத்தினார். "அன்னிக்கு மலையில அவரைத் தட்டிக்கொடுத்து எடுத்தது நான்தான்."

லிஃப்டில் இறங்கும்போது அவளுக்குத் தன் டிரைவிங் மாணவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். 'பயமா இருக்கு, நிறுத்துங்க' என்று அலறுகிற மாணவனை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வேர்த்து வழிந்தபடி 'ஒண்ணும் பிரச்சினையில்ல டீச்சர்' என்கிறவனிடம்தான் தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டாள். இதெல்லாம் தெரிந்தவள்தான் பெருமை பீற்றிக்கொள்ளப்போய்ப் புருஷன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாள்.

கீழே காத்திருந்த கமாண்டோ பக்கத்தில் ஏறிக்கொள்ள, காரை அவள் எடுத்தாள். மறைக்க அவளுக்கு வரவில்லை. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கால் கதை, டாக்டர் முகம், நரைமீசைக்காரர் சொன்னது, ஒன்று விடாமல். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

கமாண்டோ முன்னால் நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்மேல தப்பில்ல," என்றார் கடைசியில். "தப்பு என்னோடதுதான். உன்கிட்டயும் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பாடம் படித்துக்கொண்டவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். ரெண்டு பிள்ளை பெற்று, ஒரே தட்டில் சாப்பிட்டு, இத்தனை வருஷம் கூட வாழ்ந்ததில் அவள் கைக்குக் கிடைத்தது அந்த ஒரு கதைதான். இப்போது அதையும் கொடுத்தது தப்பு என்கிறார்.

திரும்பி அவரைப் பார்த்தாள். சீட் பெல்ட் இன்னும் மாட்டவில்லை. இடது கை விரல்கள் கொக்கியைப் பிடிக்க முயன்று நழுவின, மறுபடி முயன்று நழுவின. பிறகு வலது கையால் சட்டென்று இழுத்து மாட்டிக்கொண்டார்.

"கைக்கு என்னங்க?"

அவர் அந்தக் கையை மடியில் இறக்கி, வலது கையால் மூடிக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"பச்சை விழுந்துடுச்சு," என்றார் அவர். "வண்டிய எடு."