சஹனில் பாதி மரக்கறி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. உணவு வழிகாட்டலை மக்கள் மனதில் பதிக்க ஒரு கதை வேண்டும் என்று சுகாதார அலுவலகம் ஒன்று கேட்டது. சீனி வருத்தக்காரருக்கென்று அவர்கள் தந்த படத்தில் ஒரு தட்டு. பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ இறைச்சியோ. முடிவு மட்டும் நல்லதாக இருக்கட்டும் என்றார்கள்.

2.

மட்டக்களப்பு வாவியின் மேல் சூரியன் மெல்ல… (வேண்டாம். வாசகர் பசியோடு இருக்கலாம்.)

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் முகைதீன்பாவா… (கடை எதற்கு? கால்தான் கதை.)

முகைதீன்பாவா என் நண்பர். கால் பெருவிரலில் புண். இந்த மாதம் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

3.

படத்திலுள்ள தட்டு ஒருவருக்கானது. எங்கள் விருந்தில் ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்காருவோம்.*

முகைதீன்பாவாவின் மகளுடைய கல்யாணப் பேச்சு விருந்தில், அவர் மனைவி கைறுன்னிஸா சஹனையே படத்தின்படி பிரித்தார். மரக்கறிப் பாதியைக் கணவருக்கு நேரே வைத்தார். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் உண்ணவேண்டும்; எட்டி எடுப்பது மரியாதையில்லை. கெட்டிக்காரி.

* பெரிய வட்டத் தட்டு. அலுவலகத்துப் படத்தில் இது இல்லை.

4.

ஆனால் நல்ல இறைச்சித் துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதும் மரியாதைதானே. மாப்பிள்ளை வீட்டு றவூப் முகைதீன்பாவா பக்கம் ஒரு துண்டைத் தள்ளினார். இன்னொருவர் சோற்றைத் தள்ளினார். சஹன் அடுப்படிக்குத் திரும்பியபோது மரக்கறி மட்டும் மிஞ்சியிருந்தது.

“நான் எட்டி எடுக்கல்லயே. தந்தத மறுக்கிறது அழகா?” என்றாராம் முகைதீன்பாவா மனைவியிடம்.

அடுத்த வெள்ளி மறுவிருந்து. கைறுன்னிஸா என்னைக் கூப்பிட்டு, அண்ணனிடம் கேட்பதுபோல் சொன்னார்: “நீங்களாவது தள்ளாதீங்க காக்கா. அவர்ர கால் எனக்கு வேணும்.”

(ஆகப் பெரிய துண்டைத் தள்ளியவன் நான்தான். இதை எழுதாமல் விடப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.)

5.

முடிவு அ: எல்லோரும் மரக்கறி உண்டு, புண் ஆறி… (அலுவலகத்துக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நான் தோடம்பழப் பையோடு… (எழுத மனம் வரவில்லை.)

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. சஹனும் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு நழுவ இடமுண்டு, நான் எழுந்துவிட்டேன். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். நல்ல துண்டு உங்கள் முன்னால் இருக்கிறது. முகைதீன்பாவா மரக்கறியை மென்றபடி உங்கள் கையையே பார்க்கிறார்.