யாரு மவ நீ?

எங்கள் ஊரில் ஒருத்தியை எடைபோட ஒரே கேள்வி போதும். "யாரு மவ நீ?" பதில் வந்ததுமே அவள் நல்லவளா கெட்டவளா என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றாறில் நானும் கனியும் பத்தாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்கு ரிப்பன் வாங்கப் பாளையங்கோட்டையில் ஒரு ஃபேன்ஸி கடைக்குப் போனோம். வெளியே வரும்போது கடைப்பையன் மறித்தான். ஒரு ஜோடிக் கம்மலைக் காணவில்லையாம். பின்னாலிருந்த சரக்கு அறைக்குள் எங்களைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

முதலாளி அப்பாத்துரை வந்தார். என்னைத்தான் முதலில் கேட்டார்.

"யாரு மவ நீ?"

"தாணுமாலையன் வாத்தியார் மக, ப்ரியா."

"நம்ம சார்வாள் மவளா? நீ போம்மா." கதவைத் திறந்துவிட்டார். கனி பக்கம் திரும்பினார். "நீ?"

"அப்பா மார்க்கெட்ல மூட்ட தூக்குதாவ."

"அங்கன நில்லு. ஏட்டி, இவ தாவணிய அவுத்து உதறிப் பாரு" என்றார் கூட வந்திருந்த கடை வேலைக்காரப் பெண்ணிடம்.

கனி முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. குறுக்கே போய் நின்றேன்.

"அவளத் தொடக்கூடாது."

"பொம்பளதானம்மா பாக்கா?"

"பொம்பளைன்னாலும் போலீஸா இருக்கணும்."

மதுரையில் சட்டம் படித்த என் அக்கா லீவுக்கு வந்தால் வீடே அதிரப் படிப்பாள். அவளுக்கு மறந்தது கூட எனக்கு மனப்பாடம்.

"சோதனை போட கடைக்காரங்களுக்கு உரிமை கிடையாது. எடுத்ததக் கண்ணால பாத்திருந்தா உடனே போலீஸக் கூப்பிட்டு ஒப்படைங்க. அவ வீட்டுக்கும் சொல்லி அனுப்புங்க. உள்ள வச்சுப் பூட்டுனா உங்க மேலதான் கேஸு வரும்."

"எடுக்கலன்னா காட்டிட்டுப் போவ வேண்டியதுதான?"

அந்தப் பேச்சுதான் கனியை உடைத்தது. அவள் விரல்கள் தோளிலிருந்த ஊக்கைத் தேடின. "காட்டிருதேன் ப்ரியா. வீட்டுக்குப் போவணும்."

அவள் கையை இறுகப் பிடித்தேன். "நீ எடுத்திருந்தாலும் இவங்க அவுக்கக் கூடாதுட்டி!"

கனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஊக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"போலீஸயே கூப்பிடுங்க. நான் இங்கனயே நிக்கேன்" என்றாள்.

அப்பாத்துரை கடைப்பையனைப் பார்த்தார். "எடுத்ததப் பாத்தியாலே?"

"இல்ல அண்ணாச்சி. எடுத்திருப்பான்னு நெனச்சேன்."

அவர் முகம் செத்துப்போனது. என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "தெரியாம நடந்துட்டு. சார்வாள்ட்ட சொல்லிராதம்மா."

"என்கிட்ட எதுக்கு? அவகிட்ட சொல்லுங்க."

கனி பக்கம் திரும்பினார். பழக்கம் எங்கே போகும்?

"மனசுல வச்சுக்காதம்மா. நீ... யாரு மவன்னு சொன்ன?"

கனி தாவணியை நேராக்கி ஊக்கை அழுத்திக் குத்திக்கொண்டாள்.

"என் பேரு கனி. அத ஒருத்தரும் கேக்கவே இல்லையே, அண்ணாச்சி."