பின் சீட்டு

மேகலாவுக்குப் பேரம் பேச யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் அப்பாவின் பாத்திரக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள், அவ்வளவுதான். யார் வாங்க வந்தவர், யார் வெயிலுக்கு ஒதுங்க வந்தவர் என்பதை அப்பாவின் கண் வாசலிலேயே பிரித்துவிடும். அதிலும் ஒரு சாமானைக் கையில் எடுத்து, “இது எதுக்குங்க?” என்று கேட்கிற ஆள் வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குக் கொண்டாட்டம். எதற்கென்றே தெரியாதவனுக்கு விலை எங்கே தெரியப்போகிறது? அவனுக்கென்று தனி விலை வைத்திருந்தார்.

ஆகவே மேகலா இன்றுவரை எந்தக் கடையிலும் எந்தப் பொருளையும் பார்த்து எதற்கு என்று கேட்டதில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அதை வைத்துப் புழங்கியவள் போல முகத்தைச் சுளிப்பாள். சொன்ன விலையில் பாதிக்கும் கீழே ஆரம்பிப்பாள்.

கட்டிக்கொண்ட பிரபாகர் இதற்கு நேர் எதிர். தி.நகரில் சூட்கேஸ் கடை. பெட்டி விற்பதில் சூரன், எதையாவது வாங்கப் போனால் சோப்ளாங்கி. ஒரு பொருள் பிடித்துவிட்டால் அவருடைய வாய் லேசாகத் திறந்துகொள்ளும். அந்த வாயைப் பார்த்தே கடைக்காரன் விலையை ஏற்றிவிடுவான். அதனால் வீட்டுக்கு எது வாங்கினாலும் மேகலா உள்ளே போய்ப் பேசுவாள், பேரம் படிகிறவரை அவர் வெளியே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நாற்பத்தெட்டு வயதில் அவர் டூரிங் பைக் வாங்கியதும் அப்படித்தான். நந்தனத்தில் ஷோரூமுக்கு வெளியே அவர் போனை நோண்டிக்கொண்டு நின்றார். உள்ளே மேகலா மேனேஜரைத் தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஹெல்மெட்டையும் சும்மாவே பிடுங்கிக்கொண்டு வந்தாள். அது அவளுக்கு.

“வால்பாறை மேகலா. நீயும் நானும். நாப்பது வளைவு. நீ பின்னாடி கெட்டியா புடிச்சிகினா போதும்” என்று அவர் சொல்லியிருந்தார்.

அந்த வால்பாறைக்கு வயது இருபத்திரண்டு. கல்யாணம் நடந்தது ஆவணியில். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்றார் மாமனார். அப்புறம் பொங்கல், அப்புறம் ஆடித் தள்ளுபடி, அப்புறம் மறுபடியும் தீபாவளி. தி.நகரில் வியாபாரம் முடிந்துவிட்டதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. மாமனார் போய்ச் சேர்ந்தார், மகன் வளர்ந்து கோயம்புத்தூரில் படிக்கப் போனான், வால்பாறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தத் தடவை தேதியே குறித்தாகிவிட்டது. கார்த்திகை பிறந்ததும் புறப்பாடு. மேகலா இரண்டு சுடிதார் தைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சுடிதார் தைப்பது அதுதான் முதல் தடவை.

வண்டி வந்துவிட்டதே தவிர, அது பிரபாகருக்குப் படியவில்லை. ஆள் குள்ளம், வண்டி உயரம். இரண்டு காலும் தரையில் பாவாது. ஒரு காலை ஊன்றினால் இன்னொரு கால் அந்தரத்தில் நிற்கும். முதல் வாரமே லஸ் கார்னர் சிக்னலில் பச்சை விழுந்த நேரத்தில், எருமை படுப்பதுபோல வண்டி நிதானமாகச் சாய்ந்தது. கூடவே அவரும். பின்னால் நின்ற பேருந்தின் கண்டக்டர் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, கால் எட்டலியா? வூட்லருந்து ஒரு ஸ்டூல் எடுத்தாந்துருக்கலாம்ல?”

பேருந்து முழுக்கச் சிரித்தது. இரண்டு ஆட்டோக்காரர்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அன்றைக்கு மேகலா அவருடன் இல்லை. இருந்திருந்தால் விழுந்ததைவிட அதுதான் அவருக்கு வலித்திருக்கும்.

பிறகு விடியற்காலையில் பெசன்ட் நகர் பக்கம் போய்ப் பழக ஆரம்பித்தார். ரோடு காலியாக இருக்கும், விழுந்தாலும் பார்க்க ஆளில்லை. அங்கேதான் செம்பியன் கும்பல் அறிமுகமானது. அடையாறில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன்கள், எல்லோரிடமும் இதே மாதிரி பெரிய வண்டி. முதல் வாரம் அவரை அங்கிள் என்றார்கள். மூன்றாம் வாரம் செம்பியன் தோளில் கை போட்டு, “மச்சி, கிளட்ச்ச இவ்ளோ புடிக்காதே” என்றான். அன்று வீட்டுக்கு வந்தவருக்கு முகமெல்லாம் பல்.

“மச்சின்னு கூப்டறான் மேகலா!”

“அவன் வயசுல நமக்குப் புள்ள கீறான்.”

“அதுக்கின்னா? கூப்டறான்ல.”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டிக்கு ஏதாவது ஒன்று ஆகவேண்டியிருந்தது. அண்ணா சாலையை ஒட்டி, வண்டிச் சாமான்கள் விற்கும் தெருவில் ஃபராஸின் கடை. பின்னால் ஆளை ஏற்றி ஓட்ட இன்னும் பழகாததால் அவர் வண்டியில் வருவார், அவள் பஸ்ஸில் வந்து சேருவாள். வழக்கம்போல இவர் வெளியே, அவள் உள்ளே.

முதலில் முன் சீட்டின் ஃபோமைச் செதுக்கித் தாழ்த்தினார்கள். கால் தரையைத் தொட்டது. ஆனால் பின் சீட்டு திடீரென்று மேடாகிவிட்டது. பரவாயில்லை, உயரத்திலிருந்து வேடிக்கை பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்து, சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிற சாரி கார்டைக் கழற்றினார்கள். டூரிங் வண்டியில் அதை வைத்திருந்தால் கும்பலில் சிரிப்பார்களாம். சுடிதார்தானே போடப்போகிறோம் என்று அதற்கும் தலையாட்டினாள். இரண்டு பக்கமும் பெட்டி மாட்ட வேண்டுமென்று பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளும் கம்பியை எடுத்தபோதுதான், “அப்ப நான் எத்தப் புடிச்சிக்கிறது?” என்று கேட்டாள்.

“புடிக்கத்தான் நான் கீறனே” என்றார் பிரபாகர்.

அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு இரண்டு பெட்டிகளையும் அவள் அடிமாட்டு விலைக்கு முடித்துக் கொடுத்தாள்.

பெட்டிகள் மாட்டிய பிறகு பின்னால் ஏறுவதே ஒரு வித்தையாகிவிட்டது. காலை வீசிப் பெட்டியைத் தாண்ட வேண்டும். மதியம் அவர் கடைக்குப் போனபின், மேற்கு மாம்பலத்து வீட்டின் கீழே நிறுத்தியிருந்த வண்டியில் மேகலா ஸ்டூல் போட்டுத் தனியாக ஏறிப் பழகினாள். முட்டி ஏற்கெனவே சரியில்லை. ஒரு நாள் கீழ் வீட்டு அன்புச்செல்வி துணி உலர்த்த வந்து பார்த்துவிட்டாள்.

“இன்னாக்கா, ஏரோப்ளேன் ஏற்ற மாறி கீற?”

“சிரிடி, சிரி. கார்த்திகைல வால்பாறைலருந்து போட்டோ அனுப்பறேன், அப்ப சிரி.”

“அண்ணன் ஓட்டுவாரா, நீ தள்ளிக்கினு போவியா?”

“ரெண்டுல ஒண்ணு” என்றாள் மேகலா. பத்தாவது நாளோ என்னவோ, ஸ்டூல் இல்லாமலே ஏறிவிட்டாள். மேலே உட்கார்ந்து முன்னால் ஆள் இருப்பதுபோலக் கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு வெட்கப்பட்டு இறங்கிக்கொண்டாள்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சாமான். ஃபராஸ் கவுன்ட்டரில் ஒரு பழுப்பு அட்டைப் பெட்டியை வைத்திருந்தான்.

“சார் போன்லயே சொல்லிட்டாரு, எடுத்து வெச்சிட்டேன்க்கா.”

மேகலா பிரித்தாள். கறுப்பாக, தட்டையாக, ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டு. கூடவே ஒரு பையில் போல்ட்டுகள். விரலால் சுண்டிப் பார்த்தாள்.

“இன்னா பாய், தகரத்துக்கு பெயின்ட் அடிச்சி வெச்சிகிற?”

“அலுமினியம்க்கா! மழைலயே கெடந்தாலும் துரு ஏறாது.”

“எங்கப்பா கடைல இட்லித் தட்டு இத விட கனமா இருக்கும். வெலையச் சொல்லு.”

சொன்னான். அவள் கேட்டாள். அவன் நெஞ்சில் கை வைத்தான். அவள் தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். வழக்கமாக இந்த இடத்தில் ஃபராஸ் தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை இழுப்பான். இன்றைக்கு வாசலைப் பார்த்தான். வெளியே பிரபாகர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஃபராஸ் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, தப்பா நெனக்காதீங்க. இது எதுக்குன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?”

மேகலாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. வாடிக்கையாளரைச் சந்தேகப்பட வைத்து, தெரியாதவராக்கி, மேலே ஏறி உட்காரும் வித்தை. அப்பா இதைச் செய்வதை ஆயிரம் தடவை அவள் பார்த்திருக்கிறாள்.

“யார் கிட்ட? நீ கட போடறதுக்கு முன்னாடிலருந்து நாங்க இத வாங்கறோம்.”

“இல்லக்கா, இத மாட்டினா…”

“மாட்டினா இன்னா, வண்டி றெக்க கட்டிப் பறக்குமா? மாட்டற கூலியும் அதுலயே. இல்லன்னா வேணாம், பக்கத்துக் கட கீது.”

ஃபராஸ் பெட்டியைக் கையில் எடுத்தான். “சரிக்கா. உங்க இஷ்டம்.”

இவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட்டானே, இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாமோ என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மெக்கானிக் கபாலி வெளியே வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாவியைப் போட்டுத் திருகிப் பின் சீட்டைக் கழற்றினார். “கொஞ்சம் புடிம்மா” என்று அதை மேகலாவின் கையில் கொடுத்தார். சீட்டு இருந்த இடத்தில் கறுப்புத் தட்டு உட்கார்ந்தது. நான்கு போல்ட்டும் இறங்கின. கபாலி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மேகலா சீட்டை நீட்டினாள். “இந்தாங்க.”

“எதுக்கும்மா?”

“இதுக்கு மேலதான மாட்டுவீங்க?”

கபாலி ஃபராஸைப் பார்த்தார். ஃபராஸ் பெயர்ப்பலகையைப் பார்த்தான். பிரபாகர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து அந்தத் தட்டைத் தடவினார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

“சூப்பரா ஒக்காந்துச்சில்ல?”

“சீட்டு எங்க வரும்?”

“அது… இந்த வாட்டி கிளப் ரைடு மேகலா. டென்ட்டு, அடுப்பு எல்லாம் கட்டணும்ல. பின்னாடி ஆள் ஏத்தக் கூடாதுன்னு செம்பியன் ரூல் போட்டுட்டான்.”

“எந்த ஊருக்கு?”

அவர் சங்கிலிக்கு எண்ணெய் போதுமா என்று குனிந்து பார்த்தார்.

“எந்த ஊருக்குங்க?”

“வால்பாறைக்குத்தான். நான்தான் அவனுங்களுக்கே சொன்னேன். உனக்கு அந்த வளைவுல கொமட்டும், முட்டி வேற வலிக்கும். நாம கார்ல போலாம், பொங்கலுக்கு அப்புறம்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார்: “நாலு போல்ட்டுதான்! நான் வந்ததும் மறுபடி மாட்டிடலாம்.”

தெருவில் யாரோ புது ஹாரனைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சீட்டின் ஓரத்தில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உறை இன்னும் ஒரு துண்டு மிச்சமிருந்தது. மேகலா அதை நகத்தால் கிள்ளி எடுத்தாள். பிறகு ஃபராஸ் பக்கம் திரும்பினாள்.

“பாய், இத எடுத்துக்கறியா?”

“எதக்கா?”

“சீட்டு. கம்பெனி சீட்டு, புதுசு. ஒருத்தர ஏத்திக்கினு இன்னும் தெருமுன கூட தாண்டல. எவ்ளோ குடுப்ப?”

“அக்கா, வேணாம்க்கா…”

“வேணுமா வேணாமான்னு நான் கேக்கல.”

ஒரு விலை சொன்னாள். சொல்லும்போதே அது படியாது என்று அவளுக்குத் தெரியும். படியக் கூடாத விலையாகப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் அடித்துப் பேச வேண்டும், இவள் இழுக்க வேண்டும், அந்த இழுபறிக்குள் ஒருவர் குறுக்கே வந்து, ஏய், அத ஏன் விக்கற, அது உன் சீட்டு என்று சொல்ல நேரம் வேண்டும். கண் அவரிடமே இருந்தது.

ஃபராஸ் உள்ளே போய்க் கல்லாவைத் திறந்தான். “குடுத்துர்றேன்க்கா.”

அவளுக்குச் சுரீரென்றது. பேரம் பேசாமல் பணத்தை எடுக்கிறவன் ஒன்று ஏமாளி, இல்லாவிட்டால் பரிதாபப்படுகிறவன். ஃபராஸை ஏமாளி என்று அந்தத் தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள்.

பணம் கைக்கு வந்தது. சீட்டு கவுன்ட்டருக்குப் பின்னால் போனது. பிரபாகர் தொடையில் தட்டிக்கொண்டார்.

“புதுசே அந்த வெலதான் பாய்! பாத்தியா எங்க வூட்டம்மாவ? இவகிட்ட எவனும் ஜெயிக்க முடியாது.” உண்மையாகவே பூரித்துப்போயிருந்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “மேகலா, அந்தக் காசுல ஒரு கிளவுஸ் முடிச்சிக் குடுத்துடேன். மேல மலைல குளுருமாம். அதோ தொங்குது பாரு, கறுப்பு. நான் வெளில நின்னுக்கறேன்.”

அவர் வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். பழக்கத்தில் இன்னும் இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

மேகலா பணத்தைப் பர்ஸில் போட்டு மூடினாள்.

“நீங்களே கேட்டு வாங்கிக்கங்க.”

“எனக்கு எங்க கேக்க வரும்?”

“வாயத் தொறந்து கேட்டா வரும்” என்று சொல்லிவிட்டு அண்ணா சாலைப் பக்கம் நடந்தாள். மாம்பலத்துக்குப் பஸ் அந்தப் பக்கம்தான்.

பின்னால் அவர் கிளவுஸைப் பற்றிக் கேட்பது கேட்டது. ஃபராஸ் விலை சொன்னான். அநியாய விலை, சொன்னதில் பாதிக்குக் கூடப் பெறாது. அவளுடைய கால் தானாக நின்றது.

“சரி, குடு பாய்” என்றார் பிரபாகர்.

கால் மறுபடியும் நடந்தது.