வீட்டில்தான் இருக்கிறாள்

எங்கள் ஊருக்கு ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் பகல் பதினொரு மணிக்குத்தான் வருவார்கள். அந்த நேரத்தில் காரைக்கால்மேட்டில் எந்த மீன்காரி வீட்டில் இருப்பாள்? விடியலில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, நான் டவுனில் தெருத் தெருவாகக் கத்திக்கொண்டிருப்பேன். வீட்டில் இருப்பது என் வீட்டுக்காரர் அஞ்சப்பன். போட்டில் விழுந்து முதுகு போனதிலிருந்து அவர் கடலுக்குப் போவதில்லை.

போன வருடம் மீனவக் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று கணக்கெடுக்க ஒரு குழு வந்தது. அதில் சுகிர்தா என்ற பெண் எங்கள் வாசலில் நின்று, "வீட்டம்மா என்ன வேலைங்க பாக்குறாங்க?" என்று இவரைக் கேட்டிருக்கிறாள். "அவ என்னாத்துக்கு வேலைக்குப் போறா? நான் கடலுக்குப் போறேன், அவ வீட்ல இருக்கா" என்று சொல்லியிருக்கிறார் இந்த மகராசன். பொய் சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது. வெளியாள் கேட்டால் எங்கள் ஆம்பளைகள் அப்படித்தான் சொல்வார்கள். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேன் என்று எவன் வாயைத் திறப்பான்? பக்கத்து வீட்டிலும் அதே பதில், எதிர் வீட்டிலும் அதே பதில்.

அந்தப் பதில்களையெல்லாம் சேர்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அதைப் பார்த்துத்தான் புது ஏலக்கூடத்துக்குத் திட்டம் போட்டார்களாம். இனி ஏலம் முழுக்க அதற்குள்தான். சுற்றிலும் கம்பிவேலி, வாசலில் காவல், உள்ளே போக ஃபோட்டோ ஒட்டிய அட்டை. போட்டுக்காரர்களுக்கு அட்டை உண்டு, லாரி வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு உண்டு. கூடையில் விற்கிற பெண்களுக்கு மட்டும் கிடையாது. அறிக்கையின்படி எங்கள் ஊரில் அப்படி யாருமே இல்லையாம்! டவுனில் என் குரல் தெருமுனையில் கேட்டாலே அஜீசுன்னிசா அக்கா சட்டியோடு வாசலுக்கு வந்து, "குஞ்சம்மா, இன்னைக்கு என்னா கொண்டாந்தே?" என்பார். அவருக்குத் தெரிந்தது அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. ஏலத்தில் எடுக்க முடியாவிட்டால் லாரிக்காரனிடம்தான் வாங்க வேண்டும். அவன் சொல்லும் விலைக்கு வாங்கி நான் என்ன விற்பது, என்ன தின்பது?

டவுனில் அட்டை கொடுக்கிற மீன்வளத்துறை ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். ஒரு நாள் சுகிர்தாவே அங்கே இருந்தாள். பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, எங்க வாசல்ல மீன்கூடை கெடந்துச்சே, அதைக்கூடவா பாக்கல?"

"பாத்தேங்கம்மா. ஆனா அவங்க சொன்னதைத்தாங்க எழுதணும். நான் பாத்ததை எழுதுறதுக்கு அந்த ஃபாரத்துல எடம் இல்லீங்க."

அழாத குறையாகத்தான் சொன்னாள். அதற்குமேல் அவளை என்ன திட்டுவது? அவள்தான் அதிகாரியிடம் பேசி ஒரு வழி பண்ணிக் கொடுத்தாள். கூடம் திறப்பதற்கு முந்தின நாள் ஊர்ப் பஞ்சாயத்தாரை வைத்து அதே ஆபீசில் கூட்டம் நடக்கும். அதில் பதில் சொன்ன ஆளே வந்து, தன் வாயால் மாற்றிச் சொன்னால் அட்டை கொடுப்பார்கள். நான் சொன்னால் செல்லாது.

கூட்டத்துக்கு முதல் நாள் சோறு போடும்போது இவரிடம் சொன்னேன்.

"பஞ்சாயத்தாரு முன்னாடியா சொல்லணும்?"

"அவங்களுக்குத் தெரியாததா? ஊருக்கே தெரியும்."

"தெரியறது வேற புள்ள. நானே சொல்றது வேற."

"அட்டை இல்லன்னா நாளன்னைக்கு இந்தச் சோறு இல்லீங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "சரி, வர்றேன்" என்றார். தெருப் பெண்களுக்கெல்லாம் அன்றைக்கு உயிர் வந்தது. இவர் ஒருவர் ஆரம்பித்துவிட்டால் தங்கள் வீட்டு ஆம்பளைகளும் சொல்லிவிடுவார்கள் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன்.

கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முன்வரிசையில் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இவரோடு ஒரே போட்டில் தொழிலுக்குப் போனவர்கள். அதிகாரி இவர் பெயரைக் கூப்பிட்டார்.

"உங்க மனைவி மீன் விக்கிறாங்களா? குடும்பம் அவங்க வருமானத்துலதான் நடக்குதா?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இவர் என்னைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார்.

"இல்லீங்க. அவ வீட்லதாங்க இருக்கா."

அடப்பாவி மனுஷா! 'பொய்யிங்கய்யா' என்று எழுந்து கத்த வாய் வரைக்கும் வந்துவிட்டது. தெருவே கேட்கக் கத்துகிற வாய் இது. ஆனால் முதுகு நிமிராமல் நாற்காலியைப் பிடித்தபடியே அவர் நிற்பதைப் பார்த்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் பொய்யன் என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷன் மறுபடி வாசலில் வந்து உட்காருவாரா? நாசமாய்ப் போகிற மனசு, என்னைக் கத்த விடவில்லை.

அதிகாரி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அந்த ஆளும் அதையே சொன்னான். அதற்கப்புறம் ஒருவர் பாக்கியில்லாமல் அதையே சொன்னார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்களை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் வந்து நின்றார். இவர் பழக்கத்தில் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அதில் என்ன இருக்கும்? நான் சுருக்குப் பையை அவிழ்த்து இரண்டு டிக்கெட்டுக்கும் கொடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தினமும் ஏலத்துக்கு என்னை எழுப்பி விடுகிறவர் அவர்தான். எனக்கு முன்னால் எழுந்து, முதுகைப் பிடித்துக்கொண்டே டீ போட்டு வைப்பார். ஊர் நெருங்கும்போது, ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்பணும்?"

"எங்க போறதுக்கு?" என்றேன்.