ஒன்றரை அங்குலம்

ஞானம் தாளத்துக்குப் பிந்திப் பாடுகிறாள் என்று அம்புரோஸ் மாஸ்டர் மூன்றாவது முறை சொன்னபோது, டேப் ரிக்கார்டர் பக்கத்தில் நின்றிருந்த சவரிநாதன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"மிசின்ல ஒண்ணும் இல்ல மாஸ்டர். முந்தாநேத்துதான் முழுசாப் பாத்தேன்."

அந்த ஒரு பேச்சில் ஞானத்தின் பாட்டு கைமாறிவிட்டது.

ராயபுரம் மாதா கோயில் திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. 1973ஆம் வருடம். தேர் பவனி போகும்போது குழாய் ஒலிபெருக்கியில் போடுவதற்கென்று கொயர் என்ற பாடகர் குழுவின் தலைவரான அம்புரோஸ் மாஸ்டர் ஒரு பாட்டு கட்டியிருந்தார். அவருடைய ஆர்மோனியம், ஞானத்தின் தனிக்குரல், அவ்வளவுதான். மைக் செட் வாடகைக்கு விடும் அப்துல் வஹாப் பாயின் கடைப் பின்னறையில் பதிவு நடந்தது; வேடிக்கை பார்க்கப் பாடகர் குழு முழுதும் அறை வாசலில் நின்றது. அவரிடம் நல்ல மைக் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துப் பதிந்தால் ஆர்மோனியம் குரலை விழுங்கிவிட்டது. புதிதாக வந்திருந்த டேப் ரிக்கார்டரில் இரண்டு தடம் தனித்தனியாகப் பதியலாம். ஆகவே முதல் தடத்தில் ஆர்மோனியத்தைப் பதிந்துகொண்டு, அதை ஹெட்போனில் கேட்டபடி ஞானம் இரண்டாவது தடத்தில் பாட வேண்டும். அது சவரிநாதன் சொன்ன யோசனை. அவனுக்குப் பகலில் துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்வேலை, சாயங்காலம் ரேடியோ ரிப்பேர் வகுப்பு, மிச்ச நேரம் பாய் கடை. கடையில் இந்த மிசினைப் புரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று பாய் நம்பினார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு வந்த கோளாறு வேறு. பாட்டின் நடுவே குரல் கண்ணிமைக்கும் நேரம் காணாமல் போய்த் திரும்பி வந்தது. சவரிநாதன் எந்தெந்த இடத்தில் போகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டான். ஒவ்வொரு முறையும் இடம் மாறியது. டேப் உரசி ஓடும் ஹெட்டைத் தொட்டுப் பார்த்தால் விரலில் பழுப்புப் பொடி. மட்டமான டேப், ஓட ஓட உதிர்ந்துகொண்டிருந்தது. டேப்பை மாற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துத் துடைத்ததும் குரல் அறுபடுவது நின்றது. ஒரு குறையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், வேறு குறையே இல்லை என்று நினைத்துவிட்டான்.

"காதுல இன்னா கேக்குதோ அதோடதான் பாடறேன். வேற இன்னா பண்ணட்டும்?" என்று அன்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ஞானம் ஹெட்போனைக் கழற்றி வைத்துப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு தன் அக்கா மகள் ரோசி பாடட்டும் என்றார் மாஸ்டர்.

அன்றைக்குச் சவரிநாதன் நோட்டில் எழுதினான்: 'கோயிலில் ஞானம் பிந்திப் பாடி நான் கேட்டதில்லை. இங்கு மட்டும் ஏன்?'

புதன்கிழமை வகுப்புக்குப் போகாமல் கடைக்குப் போனான். முதல் தடத்தில் பென்சிலால் மேசையைச் சீராகத் தட்டிப் பதிந்தான். பிறகு அதை ஹெட்போனில் கேட்டபடியே இரண்டாவது தடத்தில் தட்டினான். போட்டுக் கேட்டால் ஒவ்வொரு தட்டும் இரண்டிரண்டாக விழுந்தது. தன் கைதான் மந்தம் என்று தோன்றியது. பத்து முறை தட்டிப் பார்த்தான். மனுசக் கை என்றால் ஒரு தடவை முந்தும், ஒரு தடவை பிந்தும். இங்கே பத்துக்குப் பத்தும் ஒரே அளவு பிந்தியிருந்தது. டேப் ஓடும் வேகத்தைப் பாதியாக்கித் தட்டினான். பிந்தலும் இரண்டு மடங்கானது.

மூடியைத் திறந்து ஸ்கேல் வைத்தான். பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம். டேப் ஓடுவது நொடிக்கு ஏழரை அங்குலம். அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு நொடி. ஞானம் கேட்டது படிக்கும் ஹெட்டில் வந்த ஆர்மோனியம். அவள் குரல் பதிந்தது அதற்கு ஒன்றரை அங்குலம் பின்னால், பதியும் ஹெட்டில். எவ்வளவு சரியாகப் பாடினாலும் அந்த இடைவெளி பிந்தித்தான் விழும்.

ஞாயிறு பூசை முடிந்து மாஸ்டரும் ரோசியும் கடைக்கு வந்ததும் சொன்னான். மாஸ்டர் கேட்டுவிட்டு, "ஞானம் உங்கிட்ட வந்து அழுதாளாடா?" என்றார்.

"இல்ல மாஸ்டர். நீங்களே ஹெட்போன் போட்டுக்கினு, உங்க ஆர்மோனியத்துக்குக் கை தட்டுங்க."

"என் வாசிப்புக்கு நானே லேட்டாவேனா?"

தட்டினார். போட்டுக் காட்டினான். ஒவ்வொரு தட்டும் ஆர்மோனியத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. வஹாப் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாஸ்டர், உங்களையும் கொயர்லருந்து தூக்கிரலாமா?"

"சும்மா கெட பாய். இன்னொரு தபா போடுறா."

கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தட்டினார். அதேதான். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"அன்னிக்கே ஏன்டா சொல்லல?"

"அன்னிக்குத் தெரியல மாஸ்டர். தெரியாமலே சரின்னு சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சு மாமா," என்றாள் ரோசி. "அந்த மேல் ஸ்தாயி எனக்கு எட்டவே எட்டாது."

வழி ஒன்று உண்டு. ஆர்மோனியத் தடத்தைப் பதியும் ஹெட்டின் வழியாகவே கேட்பது. அந்தத் தடத்தில் அப்போது எதுவும் பதிவதில்லை, ஆகவே அந்த ஹெட்டே அதைக் கொஞ்சம் படித்தும் காட்டும். அதற்கு மிசினுக்குள்ளே இரண்டு ஒயரை மாற்றிச் சால்டர் ஈயம் வைத்து ஒட்ட வேண்டும்.

"பிரிச்சா திருப்பிச் சேப்பியா தம்பி?" என்றார் பாய்.

"சேப்பேன்னு நெனைக்கிறேன் பாய்."

"நெனைக்காத. சேத்துரு."

எந்த ஒயர் எங்கே இருந்தது என்று நிறத்தோடு இரண்டு முறை வரைந்த பிறகே கம்பியைத் தொட்டான். ஆர்மோனியம் போர்வைக்குள் வாசிப்பதுபோல மங்கலாகக் கேட்டது. பென்சில் தட்டு மட்டும் ஒற்றையாக விழுந்தது.

ஞானம் காசிமேட்டுத் தெருக்குழாயில் குடத்தோடு நின்றிருந்தாள். சவரிநாதன் சொல்லி முடிக்கும்வரை குடம் நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொயர்ல பதினெட்டு பேரு கேட்டாங்க, ஞானத்துக்குத் தாளம் நிக்கலன்னு. மிசினு சரின்னு நீ சொன்னதையும் கேட்டாங்க. இப்ப எங்காதுல மட்டும் வந்து சொல்றியே, நல்லா கீதாப்பா?"

"இன்னா பண்ணட்டும்?"

"அவுங்க எதிர்ல சொல்லு."

திங்கட்கிழமை ஒத்திகையில் சொன்னான். ஸ்கேலைக் கையில் பிடித்து ஒன்றரை அங்குலத்தைக் காட்டினான். பாதிப் பேருக்குப் புரியவில்லை. "அதாவது தப்பு யாருது?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள்.

"என்னுது."

"என்னுதும்தான்," என்றார் மாஸ்டர். ஞானம் பாட்டுத் தாளை எடுத்துக்கொண்டாள்.

செவ்வாய் சாயங்காலம் பதிந்தார்கள். குரலும் ஆர்மோனியமும் ஒரே ஆளிடமிருந்து வருவதுபோல ஒட்டிக்கொண்டன. மாஸ்டர் தொடையில் தட்டி, "ஜோர்!" என்றார். பாய் வாசலிலிருந்தே தலையாட்டினார். ஞானம் மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னாள். மூன்றாவது அடியில் கையைத் தூக்கினாள்.

"நிறுத்து. இங்க லேட்டு."

சவரிநாதன் டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிக் கேட்டான். கடுகளவு பிந்தல், அந்த ஒரு சொல்லில் மட்டும்.

"இது மிசினு இல்ல," என்றாள் ஞானம். "இது நான். மூச்சு பத்தல."

"யாருக்கும் தெரியாதும்மா," என்றார் மாஸ்டர்.

"எனக்குத் தெரியுது மாஸ்டர். மறுபடி பாடறேன், டேப்பத் திருப்புப்பா."

சவரிநாதன் டேப்பை முதலுக்கு ஓட்டினான். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி துறைமுகம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மைக்கில் அந்தச் சத்தம் விழாமலிருக்க, அது முழுதும் கடக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.