செப்பு முடிச்சு

படகுக் கொட்டகையில் படகுதான் நிற்க வேண்டும் என்று சகாதேவன் வாசலில் நின்று கத்தியபோது, பெனிட்டா தன் விமானத்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். எழுந்து வரவில்லை. வாலிலிருந்து வரும் இரும்புக் கேபிளை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"இந்தக் கொட்டகையில எங்க நைனாவுக்கும் ஒரு பங்கு கீது மாமா. அதுல நான் எதை நிறுத்தினா உங்களுக்கு இன்னா?"

"மழை வரப்போவுது. என் ரெண்டாவது போட்டை எங்க வெக்கிறது? உன் தலை மேலயா?"

சகாதேவன் அந்த ஏரிக்கரை மீனவ ஊரின் பஞ்சாயத்துத் தலைவர். அவர் சொன்னால் ஊர் பெரும்பாலும் கேட்கும். பெனிட்டாவின் அப்பா இறந்து, அவருடைய படகையும் விற்றபிறகு, கொட்டகையில் அந்த ஒரு பங்கு காலியாகவே கிடந்தது. அங்கே அவள் அலுமினியக் குழாய்களைக் கொண்டுவந்து அடுக்கியபோது மாதா கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "பந்தலுக்கு எதுக்குடி வாலு?" என்று முதலில் கேட்டவன் வினோத். சகாதேவனின் படகில் வேலை பார்ப்பவன், பெனிட்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அன்றிலிருந்து அவளுக்குப் பந்தல்காரி என்று பெயர்.

ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம் அது. மீஞ்சூர் பக்கத்துத் தொழிற்சாலையில் கார்களுக்கு ஒயர் இணைக்கும் வேலை பார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கட்டினாள். இறக்கைக்குத் துணி ஒட்டியாகிவிட்டது. இன்னும் இன்ஜின் வரவேண்டும், பறப்பதற்கு அனுமதி வாங்கவேண்டும். எல்லாம் வரும். ஆனால் அதற்குள் துணி மழையில் நனைந்தால் எல்லாமே போயிற்று. அதை நிறுத்துமளவு பெரிய கூரை ஊரில் வேறு இல்லை.

"வானத்துல போயி இன்னாத்தைப் பாக்கப்போற?" என்றார் சகாதேவன்.

"ஏரியை."

"போன்ல மேப்பைத் தொறந்தா தெரியாதா?"

"அது எவனோ பாத்தது மாமா. நான் பாக்கணும்."

அவர் குனிந்து கேபிளைப் பார்த்தார். கோழி இறகின் காம்பளவே தடிமன். அதன் நுனியை ஒரு வளையத்தைச் சுற்றி மடித்து, மடித்த இடத்தில் ஒரு செப்புக் குழலை மாட்டி நசுக்கியிருந்தாள். அந்த நசுக்கல்தான் முடிச்சு. மேலே போனபிறகு வாலைத் திருப்புவதும் ஆளைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அந்த முடிச்சுகள்தான். அதை நசுக்க வெளிநாட்டிலிருந்து வரும் நீளக் கைப்பிடிக் கருவியின் விலைக்கு ஒரு பழைய பைக்கே வாங்கலாம். பெனிட்டா எளாவூர் லேத் பட்டறையில் இரண்டு தடித்த இரும்புப் பட்டைகளைச் சேர்த்துவைத்து, சேரும் இடத்தில் துளை போடச் சொன்னாள். பட்டைக்குப் பாதித் துளை. இரண்டு பக்கமும் இரண்டு போல்ட். நடுவில் குழலை வைத்து, பட்டைகள் ஒட்டும்வரை போல்ட்டை முறுக்கினால் குழல் நசுங்கிக் கேபிளைக் கவ்விக்கொள்ளும். கை வலிக்கும், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

"இதால நசுக்குனதா?" சகாதேவன் பட்டைகளைக் கையில் வாங்கித் திருப்பினார். "பழைய இரும்புக் கடைச் சாமானை வெச்சிக்கினு ஆகாசத்துக்குப் போறியா? நாளைக்கு நீ ஏரி நடுவுல விழுந்தா வலை போட்டுத் தேடப்போறது நாங்கதானே?"

பெனிட்டா இப்போது எழுந்தாள். முகமெல்லாம் தூசி.

"உங்க பெரிய போட்டை இந்த முடிச்சால இழுத்துக் கரையேத்துறேன். முடிச்சு விட்டுச்சுன்னா நானே எல்லாத்தையும் பிரிச்சிடுறேன். விடலைன்னா நீங்க இந்தப் பக்கம் வரக்கூடாது."

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி," என்றார் சகாதேவன். "ஊரு முன்னாடி."

சனிக்கிழமை வேலை முடிந்து ரயிலும் பஸ்ஸும் பிடித்து அவள் வந்து பார்த்தபோது, முடிச்சுகள் எல்லாம் புது நாணயம்போல மின்னின. அவள் அம்மா மார்கரெட் கொட்டகை ஓரத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். நைலான் நூலை முடிந்து, நுனியை வெட்டி, லைட்டர் தீயை ஒரு நொடி காட்டுவாள். நுனி உருகி முடிச்சோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது அவிழாது.

"நீயா தொடச்சே?"

"புளி போட்டுத் தேச்சேன். ஊரே வந்து பாக்கப்போவுது, அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?"

பெனிட்டா அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கினாள். முடிச்சுகளைப் போட்ட அன்றே ஒவ்வொன்றையும், சரியாக நசுங்கிய குழல் மட்டுமே நுழையும் அளவுத் தகட்டின் வெட்டுக்குள் விட்டுப் பார்த்திருந்தாள். சரியாக நசுங்கியிருந்தன. மறுபடியும் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

ஞாயிறு காலை கரையில் நல்ல கூட்டம். சகாதேவனின் படகில் ஈரவலை குவிந்திருந்தது. அடிப்பாகம் சேற்றில். விமானத்திலிருந்து கழற்றிவந்த கேபிளின் ஒரு முனையைப் படகு மூக்கிலிருந்த கொக்கியில் மாட்டினாள், மறுமுனையில் இழுக்கும் கயிறு. வினோத்தும் மற்றவர்களும் கயிற்றைப் பிடித்தார்கள்.

"பந்தல்காரிக்கு ஒரு ஏலேலோ!" என்று வினோத் குரல் கொடுத்தான்.

படகு அசையக்கூட இல்லை. கேபிள் விறைத்தது, அடுத்த நொடி நுனி குழலிலிருந்து வழுக்கி வெளியே வந்தது. கயிற்றைப் பிடித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராக மணலில் விழுந்தார்கள். சிரிப்பு கரையெங்கும் பரவியது.

"சரி, பிரிச்சிடு," என்றார் சகாதேவன். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

பெனிட்டா குழலை எடுத்தாள். விரலால் அழுத்தினால் வளையும்போல் இருந்தது. செம்பு இவ்வளவு மெத்தென்று இருக்காதே. கேபிள் நுனியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கம்பி இழைகளில் மயில் கழுத்து நீலம் ஓடியிருந்தது. தொழிற்சாலையில் சூடுபட்ட கம்பியில் அந்த நிறத்தை அவள் பார்த்திருக்கிறாள். தீ பட்டால் செம்பு மெத்தென்றாகிப் பிடியை விட்டுவிடும். மெல்லத் திரும்பினாள்.

"ம்மா. இதுக்குத் தீ காட்டினியா?"

மார்கரெட்டின் கை முந்தானைக்குப் போனது. "முடிச்சுன்னா தீ காட்ட வேணாவா? காத்தடிக்கிற ஸ்டவ்வுல காட்டுனேன். எல்லாத்துக்குந்தான். கருத்துப் போச்சு, அதான் புளி..."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது.  பெனிட்டா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சிறுத்துக்கொண்டே போனது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது.

"யாரும் போகாதீங்க," என்றாள். "இங்கியே, இப்பவே, புது முடிச்சு போடுறேன்."

"ஒருவாட்டின்னா ஒருவாட்டிதான்," என்றார் சகாதேவன்.

"உங்க போட்டு இன்ஜின் காலையில ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவுதா மாமா? ஆவலைன்னா வீட்டுக்குப் போயிடுறீங்களா?"

"அது ஏழு இழுப்பு இழுத்தாத்தான் இருமவே இருமும்," என்றான் வினோத், மணலைத் தட்டிக்கொண்டே. சகாதேவன் அவனை முறைத்தார். ஆனால் நகரவில்லை.

அவள் கொட்டகைக்கு ஓடிப் பட்டைகளையும் புதுக் குழல்களையும் எடுத்துவந்து மணலில் மண்டியிட்டாள். நீலம் ஓடிய நீளத்தையெல்லாம் இரண்டு முனையிலும் வெட்டி எறிந்தாள். புதுக் குழலை மாட்டி, வளையத்தைச் சுற்றி நுனியை மடித்து உள்ளே விட்டு, பட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஒரே பக்கம் முறுக்கினால் குழல் கோணிவிடும். வெயில் ஏறியது. யாரோ பீடி பற்றவைத்தார்கள், யாரோ கொட்டாவி விட்டார்கள். அவள் நிமிரவே இல்லை. ஒவ்வொரு குழலையும் மூன்று இடத்தில் நசுக்கி, அளவுத் தகட்டில் விட்டுப் பார்த்து எழுந்தாள். உள்ளங்கையில் ஒரு கொப்புளம் உடைந்திருந்தது.

"இழுங்க."

இந்த முறை வினோத் பாட்டு எடுக்கவில்லை. எல்லாரும் குதிகாலை மணலில் புதைத்து இழுத்தார்கள். கேபிள் விறைத்து மெல்ல முனகியது. சேறு சப்புக்கொட்டியது. படகு ஒரு முழம் வந்தது, இன்னொரு முழம் வந்தது. பாதி உடம்பு கரையேறியபோது படாரென்று ஒரு சத்தம். மறுபடியும் எல்லாரும் மல்லாந்து விழுந்தார்கள்.

"போச்சா?" என்று அலறினாள் மார்கரெட்.

பெனிட்டா ஓடிப்போய்க் கேபிளைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு முடிச்சும் அப்படியே இருந்தன. ஒரு முடிச்சில், படகு மூக்கிலிருந்து பிய்ந்து வந்த இரும்புக் கொக்கி, ஃபைபர் துண்டோடு தொங்கிக்கொண்டிருந்தது.

 வினோத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "மாமா, அந்தக் கொக்கியையும் இவளையே நசுக்கச் சொல்லிடலாம்."

சகாதேவன் தன் படகின் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேபிளை வாங்கி, முடிச்சைப் பல்லால் கடிக்கப்போகிறவர்போல முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மழைக்காலம் முடியிற வரைக்கும் இருக்கட்டும்," என்றார்.

"பறக்கிற வரைக்கும்," என்றாள் பெனிட்டா.

 சகாதேவன் கேபிளை அவள் கையில் திணித்துவிட்டு, ஓட்டைக்குப் போடப் பிசின் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே கூட்டத்துக்குள் போனார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் விமானத்தில் மீதியிருந்த மின்னும் முடிச்சுகளை எல்லாம் ஒவ்வொன்றாக வெட்டிக் கீழே போட்டாள். மார்கரெட் கதவோரமே நின்றாள்.

"கோவமா?"

"இந்தப் பக்கம் வா. ஸ்பானரைப் புடி. நான் ஒரு சுத்து சுத்தினா நீ ஒரு சுத்து சுத்தணும்."

தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பட்டைகள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கின. முதல் குழல் நசுங்கி அளவுத் தகட்டுக்குள் சரியாக நுழைந்தது. மார்கரெட் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த லைட்டரை வெளியே எடுத்தாள்.

"லேசா, ஒரே ஒரு வாட்டி..."

"ம்மா!"

மார்கரெட் லைட்டரை வலைக்கூடைக்குள் எறிந்துவிட்டு அடுத்த குழலை எடுத்தாள்.