பச்சையப்பன் இருந்த இடம்

1

இந்தக் கதை கும்மிடிப்பூண்டி ரயிலில் கிடைத்தது என்று தொடங்கியிருந்தேன். அது பொய், அந்த வரியை அடித்துவிட்டேன். வேறொரு கதையில் நாலு பக்கத்தை அழித்தும் கோப்பின் அளவு குறையவில்லை. அழித்தது எங்கே போனது என்று அன்று முழுக்கத் தேடிப் படித்தேன். அதிலிருந்து வந்தது.

2

2006. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் தொழிற்சாலை. கணினி அறையில் பதிவுகளைப் பார்த்துக்கொள்பவள் ரமீஸா. ஹார்ட் டிஸ்க் நிரம்பி, லாரிகளின் எடைச்சீட்டு பதிவாகவில்லை. “பழச எதையாவது தூக்கும்மா” என்றார் மேலாளர் சுப்பராயன். தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்ற நாலு வருடப் பரிசோதனை அளவுகளை அழித்தாள். (அவற்றை யாரும் கேட்டதே இல்லை. தாள்கள் எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. பேக்கப்பையும் போன மாதம் இடத்துக்காக அவளே அழித்திருந்தாள்.)

டிஸ்க் அப்படியே நிரம்பியிருந்தது. டேட்டாபேஸ் தன் கோப்பைச் சுருக்காது. அழித்ததைக் காலியிடம் என்று குறித்துக்கொண்டு புதுப் பதிவுக்குக் கொடுக்கும். புதுப் பதிவு மேலே உட்காரும்வரை பழையது உள்ளேயே கிடக்கும்.

3

உலையில் வேலை செய்யும் பச்சையப்பன் இருமிக்கொண்டே

(இருமல் வேண்டாம். கை நடுக்கம் போதும்.)

“பாப்பா, என் பழைய ரத்த ரிப்போட்டெல்லாம் ப்ரிண்ட் போட்டுக் குடு. கை நடுங்கிக்கினே கீது. ஈயம் எப்பலேர்ந்து ஏறுச்சுன்னு பாத்தாதான் மருந்துன்றாரு டாக்டரு.”

“எவ்ளோண்ணா இருந்திச்சு?”

“எங்கைல யாரு சொன்னா? காயலான்கடைல போட்டா நல்ல வெலைக்குப் போவேன் போல.”

அவர் சிரித்தார். ரமீஸா சிரிக்கவில்லை.

4

மீஞ்சூருக்குப் போன் போட்டு, மென்பொருள் எழுதிக்கொடுத்த யேசுதாஸைப் பிடித்து, அழித்ததைச் சொன்னாள்.

“ஒரு வரிகூட என்டர் பண்ணாத. ஃபைலை அப்படியே காப்பி எடுத்தா தேடிப் பாக்கலாம்.”

“காப்பிக்கு எடம் இல்லண்ணா.”

“காலி டிஸ்க்கோட அடுத்த ட்ரெயின்ல வரேன்.”

சுப்பராயன் வாசலில் நின்றார். “இன்னாம்மா, இப்ப சீட்ட ஏத்துக்குதுல்ல? மூணு லாரி நிக்குது. போடு.”

“சார், ஒரு மணி நேரம்...”

“அஞ்சு நிமிசம் கெடயாது. நவுரு, நானே போடுறேன்.”

5

முதல் முடிவு: ரயில் நேரத்துக்கு வருகிறது. (நானே நம்பவில்லை.)

இரண்டாம் முடிவு: சுப்பராயன் முதல் எடைச்சீட்டை அடித்து என்டரைத்

இல்லை.

ரமீஸா கீபோர்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்திருக்கிறாள். பச்சையப்பன் வெளியே பெஞ்சில், கைகளைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு காத்திருக்கிறார். நான் இன்னொரு வரி எழுதினால் சுப்பராயன் ஏதாவது செய்தாக வேண்டும். எந்த வரி பச்சையப்பன் மேல் போய் உட்காரும் என்று எனக்குத் தெரியாது.

அதனால் நிறுத்திக்கொள்கிறேன். கீழே பக்கம் காலியாக இருக்கிறது. நீங்களும் அங்கே எதையும் எழுதிவிடாதீர்கள்.